பத்து மணி வண்டிக்கு ஒரு தலை

அந்த ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டால் அந்தம்மா உடனே பதில் சொல்ல மாட்டார். "எதுக்குங்க கேக்கறீங்க? ரேசனுக்குங்களா, பந்திக்குங்களா, பஸ்ஸுக்குங்களா?" என்று நம்மையே திருப்பிக் கேட்பார். மூன்றுக்கும் தனித்தனிக் கணக்கு வைத்திருந்தார். ரேஷன் கார்டுகளில் எழுபத்தொன்று. மாரியம்மன் நோம்பிக்கு வெளியூர்ப் பிள்ளைகளெல்லாம் வந்து பந்தியில் உட்கார்ந்தால் ஐம்பத்தெட்டு. நோம்பி முடிந்து அவர்கள் கிளம்பிப் போன பிறகு அங்கேயே உலை வைத்துச் சாப்பிடுகிறவர்கள் நாற்பத்து மூன்று. வீடுகள் இருபத்து மூன்று. அதில் பூட்டுத் தொங்குவது ஒன்பது. பஸ்ஸுக்கு எத்தனை என்பது மட்டும் தினமும் மாறும். மாறுகிற அந்த எண்ணை நினைத்துத்தான் அவர் தினமும் பயந்துகொண்டிருந்தார்.

நான் அந்த பஸ்ஸின் கண்டக்டர். சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் ஓடுகிற டவுன் பஸ் அது. மெயின்ரோட்டில் கைகாட்டி என்றொரு நிறுத்தம். அங்கிருந்து பிரிந்து மரவள்ளிக் காடுகளுக்கும் கோழிப்பண்ணைகளுக்கும் இடையே நாலு கிலோமீட்டர் உள்ளே போக வேண்டும். ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ரிவர்ஸ் எடுத்துத் திரும்பி, வந்த வழியே மெயின்ரோட்டுக்கு வர வேண்டும். காலை ஏழு மணி, பத்து மணி, மாலை நாலு மணி என்று மூன்று நடை. எனக்கு அந்த ஊர் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. உள்ளே போய்த் திரும்புகிற அந்த எட்டு கிலோமீட்டரால் தினமும் என் சாப்பாட்டு நேரத்தில் இருபது நிமிடம் காணாமல் போகும். வயிற்றில் புண் உள்ளவனுக்கு இருபது நிமிடம் பெரிய விஷயம்.

ஊருக்குள் வண்டி வரும் என்று நம்பிக்கொண்டு பத்துப் பதினைந்து பேர் தொட்டியடியில் நிற்பார்கள். எல்லாருக்கும் முன்னால் அந்தம்மா நிற்பார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஒல்லியான உடம்பு, எப்போதும் கையில் ஒரு பச்சை ஒயர் கூடை. உதடு அசைந்துகொண்டே இருக்கும். முதல் நாள் பார்த்தபோது ஏதோ மந்திரம் சொல்கிறார் என்று நினைத்தேன். ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

எண்ணுவது அவருடைய பிறவிக் குணமாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அதை நோயாக ஆக்கியது நான்தான். ஒரு மழை நாளில் சேற்றில் சக்கரம் சிக்கி, அரை மணி நேரம் எல்லாரும் இறங்கித் தள்ளினோம். எரிச்சலில் அவரிடம் கத்திவிட்டேன். "இந்த ஊருக்கு வண்டி விடுறதே தண்டம்மா. நடைக்குப் பத்துப் பேராவது இல்லைன்னா உள்ளே விட வேண்டாம்னு டிப்போவுல பேசிக்கிறாங்க. பாத்துக்கிட்டே இருங்க, ஒருநாள் நின்னுடும்."

அவர் முகம் மாறவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்தில் வந்து கேட்டார். "அந்தப் பத்து ஏறற தலைங்களா, எறங்கற தலைங்களா?"

"ரெண்டும் சேத்துத்தான்."

"கைக்கொளந்தைங்க?"

"அதெல்லாம் கணக்குல வராது."

தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் காலையிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று.

படியில் கால் வைக்கும்போதே சொல்லிவிடுவார். "ஏழு மணிக்கு எட்டுத் தலைதானுங்க. பத்து மணிக்குப் பதிமூணு வெச்சிருக்கறன். நாலு மணிக்கு ஒம்பது. மொத்தத்துல முப்பது வந்துருதுங்க, செரிங்களா?" முந்தின நாள் பொழுது சாயும்போதே வீடு வீடாகப் போய், நாளைக்கு யார் எங்கே போகிறார்கள் என்று விசாரித்து, மூன்று நடைக்கும் ஆட்களைப் பங்கு போட்டு வைத்துவிடுவார். ஏழு மணிக்குக் கூட்டம் அதிகமாக இருந்தால் இரண்டு பேரைப் பத்து மணிக்குத் தள்ளிவிடுவார். அந்த ஊரில் யாரும் தாங்கள் நினைத்த நேரத்தில் முடிவெட்டிக்கொண்டதாகத் தெரியவில்லை. உர மூட்டைக்கும் பம்ப்செட் வாஷருக்கும் ஒரே நாளில் டவுனுக்குப் போக நினைத்தவரை இரண்டு நாளாகப் போகவைத்தார். "ஒரே நாள்ல போயிட்டு வந்தா ரெண்டு தலை. ரெண்டு நாளாப் போனா நாலுங்க" என்று என்னிடமே பெருமையாகச் சொன்னார்.

அப்படியும் ஆள் குறைந்தால் அவரே ஏறிவிடுவார். டவுனில் அவருக்கு ஒரு வேலையும் இருக்காது. பெண்களுக்கு டிக்கெட் இலவசம் என்பதால் நான் ஒன்றும் சொல்ல முடியாது. கைகாட்டியில் இறங்கி, வேலியோரத்தில் ஆட்டுக்குக் கொஞ்சம் தழை ஒடித்துக் கூடையில் போட்டுக்கொண்டு, அந்த நாலு கிலோமீட்டரையும் நடந்தே திரும்புவார். மறுபடி பத்து மணி வண்டிக்குத் தொட்டியடியில் நிற்பார். "கால் வலிக்கலையாம்மா?" என்று ஒருமுறை கேட்டேன். "பஸ்ஸு நின்னு போச்சுன்னா அல்லாரும் நடக்கோணுமுங்க. இப்ப நான் ஒருத்திதான நடக்கறன்" என்றார்.

ஊரில் யாராவது வண்டி வாங்கினால் அன்றைக்கு அந்தம்மாவுக்குச் சாப்பாடு இறங்காது. ஒருவர் புது மொபெட் வாங்கி, மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தோம். அந்தம்மா அந்த மொபெட்டைச் சுற்றி வந்து எழவு வீட்டில் நிற்பதுபோல நின்றார்.

"இதுல எத்தனை பேரு போலாமுங்க?"

"ரெண்டு பேரு போலாங்க்கா. பையனை முன்னால நிக்க வெச்சா மூணு."

"பையனை நிக்க வெக்காதீங்க சாமி, உளுந்து போயிருவான். அவனைப் பஸ்ஸுல அனுப்புங்க."

ஒரு மில்லிலிருந்து வேன் அனுப்ப ஆரம்பித்தபோது நிலைமை இன்னும் மோசமானது. வாசலிலேயே வந்து ஆறு பெண்களை ஏற்றிக்கொண்டு போய், வாசலிலேயே கொண்டுவந்து விட்டது. ஒரே நாளில் பன்னிரண்டு தலை குறைந்தது. மூன்று நாள் அந்தம்மா ஜுரத்தில் படுத்திருந்ததாக டிரைவர் அண்ணன் சொன்னார். நாலாம் நாள் எழுந்துபோய் அந்தப் பெண்களிடம் என்ன பேசினாரோ, போகும்போது வேனிலும் வரும்போது நம் பஸ்ஸிலும் வருவதாக மூன்று பேர் ஒத்துக்கொண்டார்கள். வேலை முடிந்து களைத்து வருகிற பெண்கள் பஸ் ஸ்டாண்டில் ஒரு மணி நேரம் காத்துக்கிடந்து, நின்றுகொண்டே வருவார்கள். எனக்கு அவர்களைப் பார்க்கப் பாவமாக இருக்கும். அந்தம்மாவுக்கு மூன்று தலை கிடைத்த சந்தோஷம் மட்டும்தான்.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. அந்த ஊரிலிருந்து முதல்முதலாக ஒரு பெண்ணுக்கு சேலத்தில் நர்சிங் படிக்க இடம் கிடைத்தது. ஹாஸ்டலில் சேர்ப்பதாக இருந்தார்கள். அந்தம்மா அந்த வீட்டுக்குப் போய் மூன்று நாள் உட்கார்ந்தார். "பஸ்ஸு இருக்கறப்ப ஆஸ்டல் எதுக்குங்க? புள்ளை கண்ணு முன்னால இருக்கோணும்" என்று சொல்லிச் சொல்லி அவள் அப்பன் மனதை மாற்றிவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பெண் தினமும் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம் பஸ் மாறி மாறிப் போய் வந்தாள். காலை வண்டியில் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டு வருவாள். அவள் பையை அந்தம்மா மடியில் வாங்கி வைத்துக்கொண்டு, கம்பியில் நெற்றி இடிக்காமல் தன் கையைக் குறுக்கே கொடுத்திருப்பார். அந்தக் கையைப் பார்க்கும்போது எனக்கு என்ன நினைப்பது என்றே தெரியாது. அன்பா, அல்லது ஒரு தலையைப் பத்திரமாகப் பிடித்து வைத்திருக்கிறாரா என்று குழப்பமாக இருக்கும்.

ஏன் இப்படி என்று கேட்டால், அவர் வீட்டுக்காரர்தான் காரணம். ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற ரிக் வண்டியில் வேலை பார்த்தவர். வடக்கே எங்கோ போர் போடப் போன இடத்தில் பக்கவாதம் வந்து, வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. பிள்ளைகள் இல்லை. செவ்வாய்க்கிழமை தோறும் டவுன் ஆஸ்பத்திரியில் அவருக்குக் கை கால் பயிற்சி. ஆட்டோக்காரர்கள் அந்த ரோட்டுக்கு வர மாட்டார்கள். மொபெட்டில் அவரை உட்கார வைக்க முடியாது. இந்த பஸ் நின்றால் அவருடைய பயிற்சியும் அன்றோடு நின்றுவிடும். செவ்வாய்க்கிழமைகளில் டிரைவர் அண்ணன் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வருவார். அவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் தாங்கி, படியேற்றி, முன் சீட்டில் உட்கார வைப்போம். அதற்கு நாங்கள் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அது மட்டும் உண்மை.

ஆஸ்பத்திரியில், விழுந்த கையைத் தினமும் பத்துப் பத்துத் தடவை தூக்கிப் பழகச் சொல்லியிருந்தார்கள். மறந்துவிடாமல் இருக்க அந்தம்மா ஒரு வழி செய்திருந்தார். பஸ் வந்து ரிவர்ஸ் எடுக்கிற நேரந்தான் பயிற்சி நேரம். அவர்கள் வீடு தொட்டிக்கு நேர் எதிரே. வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருப்பார். பஸ்ஸைக் கண்டதும் வலது கையைத் தூக்குவார். அது தோள் உயரம்கூட வராது. நடுங்கிக்கொண்டே எழும்பி, தொப்பென்று மடியில் விழும். அந்தம்மா தொட்டியடியிலிருந்தோ பஸ் ஜன்னலிலிருந்தோ "ஒண்ணுங்க... ரெண்டுங்க..." என்று எண்ணுவார். நாங்கள் திரும்பி முடிப்பதற்குள் ஏழோ எட்டோ வரும். பத்து வரும்வரை டிரைவர் அண்ணன் வண்டியை நகர்த்தாமல் சும்மா உறுமவிட்டுக்கொண்டிருப்பார்.

ஒருநாள் அந்தம்மாவின் தொல்லை பொறுக்காமல் நானே ஒரு யோசனை சொன்னேன். "பெண்களுக்கு இலவச டிக்கெட்தானேம்மா. மெஷின்ல ரெண்டு மூணு சேத்து அடிச்சுடறேன். டிப்போவுக்குப் பத்துன்னு காட்டும். நீங்களும் நடக்க வேண்டாம்." செக்கிங்கில் மாட்டினால் எனக்கு வேலையே போய்விடும். இருந்தும் சொன்னேன், அந்தக் கூடையும் அந்த நடையும் என்னை அப்படிச் சொல்ல வைத்தன.

அந்தம்மா பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாமுங்க கண்டக்டரே. இல்லாத தலையை எளுதாதீங்க. அப்பறம் இருக்கற தலையும் இல்லாமப் போயிரும். நெசமா ஏறுனாத்தானுங்க கணக்கு."

அந்த வருஷம் ஆடி முடிந்த சமயத்தில் டிப்போவில் முடிவெடுத்துவிட்டார்கள். உள்ளே போகிற நடைகளை ஒரு செக்கிங் இன்ஸ்பெக்டர் நேரில் வந்து பார்ப்பார், அவர் எழுதிக் கொடுப்பதை வைத்துத் தொடர்வதா நிறுத்துவதா என்று தீர்மானிப்பார்கள். வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி நடைக்கு வருகிறார் என்று தெரிந்தது. டிரைவர் அண்ணன் புதன்கிழமையே அந்தம்மாவிடம் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை தொட்டியடியில் ஒரு திருவிழா நின்றது. சலவைச் சட்டை போட்ட கிழவர்கள், தலை நிறையப் பூ வைத்த பெண்கள், இடுப்பில் குழந்தைகள், பள்ளிக்கூடப் பைகள், ஆடு மேய்க்கிறவர், ஊரைவிட்டு எங்கும் போகாத ஒரு வயதானவர் பயந்த முகத்தோடு. மில் பெண்கள் ஆறு பேரும் வேனைத் திருப்பி அனுப்பிவிட்டு நின்றார்கள். இன்ஸ்பெக்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எண்ணினார். நாற்பத்திரண்டு. நாற்பத்து மூன்றில் ஒருவர் மட்டும் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கூட்டத்தில் நசுங்கிவிடுவார் என்று அந்தம்மாதான் அவரை விட்டுவிட்டார். கஞ்சியும் தண்ணீரும் எட்டுகிற இடத்தில் வைத்திருந்தார். "நான் மட்டும் மத்தியானத்துக்குள்ள மெயின்ரோட்டுப் பஸ்ஸுல வந்து கைகாட்டியில எறங்கி நடந்துருவன். மத்த சனமெல்லாம் நாலு மணி வண்டிக்குத்தானுங்க திரும்போணும். போன காலோட வந்தா வெளையாட்டுன்னு கண்டுபுடிச்சுருவாங்க" என்று என் காதில் சொன்னார்.

எல்லாம் யோசித்திருந்தார். ஒன்றைத் தவிர. தினமும் மூன்று நடைக்கும் ஆட்களைப் பங்கு போடுகிற பெண், அன்றைக்குப் பயத்தில் மொத்த ஊரையும் ஒரே நடையில் ஏற்றிவிட்டார்.

டவுன் பஸ் ஸ்டாண்டில் நாற்பத்திரண்டு பேரும் இறங்கி நாலா பக்கமும் போனார்கள். எங்கே போவதென்று தெரியாமல் சிலர் கோயிலுக்குப் போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அந்தம்மா என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கூடையோடு போனார். அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இன்ஸ்பெக்டர் டீ குடித்துக்கொண்டே என்னைக் கேட்டார். "தினமும் இத்தனை பேரா ஏறுறாங்க?"

"கூடக் குறைய இருக்கும் சார்."

"துருப்பிடிச்ச பூட்டுத் தொங்குற வீடே ஒம்போது பாத்தேன். நாப்பத்திரண்டு பேர் எங்கிருந்துய்யா வந்தாங்க? பத்து மணி நடைக்கும் வரேன். எனக்கும் அந்த ஊரு மேல கோபம் இல்லை. ஒரே ஒருத்தர் ஏறட்டும், இல்லை ஒருத்தர் எறங்கட்டும். காலைல பாத்ததை உண்மைன்னே எழுதிக் கொடுத்துடறேன்."

நல்ல மனுஷன். சட்டென்று சந்தேகப்பட்டாலும் வழி விட்டுவைத்தார். கண் அந்தம்மாவைத் தேடியது; காணவில்லை. வேறு யாராவது அகப்படுவார்களா என்று பார்த்தேன். அத்தனை பேரும் சொன்ன சொல் தவறாமல் மறைந்து போயிருந்தார்கள்.

பத்து மணி வண்டி கைகாட்டியில் திரும்பி உள்ளே போனது. அந்த ஊர்க்காரர் ஒருவரும் வண்டியில் இல்லை. வழியில் நாய்கூடக் குறுக்கே வரவில்லை. தொட்டியடியில் ஒருவரும் இல்லை. எல்லா வீட்டிலும் பூட்டு. காலையில் ஒன்பது பூட்டு எண்ணிய இன்ஸ்பெக்டர் இப்போது எண்ணவில்லை. கையைக் கட்டிக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். மாடுகள் மட்டும் கத்திக்கொண்டிருந்தன. பகல் வெளிச்சத்தில் ஒரு ஊர் இப்படி ஆளற்றுக் கிடப்பதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

எதிர் வீட்டு வாசலில் அந்தம்மாவின் வீட்டுக்காரர் மட்டும் உட்கார்ந்திருந்தார். காலையில் பனியனோடு இருந்தவர். இப்போது சட்டை போட்டிருந்தார். மடியில் செவ்வாய்க்கிழமை கொண்டுவருகிற ஆஸ்பத்திரிப் பை. பஸ்ஸைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

இன்ஸ்பெக்டர் எழுந்து நின்றார். "அவரு ஏறுவாரா?"

டிரைவர் அண்ணன் பின்னால் திரும்பிப் பார்த்தபடி ரிவர்ஸில் இருந்தார். அவர் அதைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். தினமும் தூக்குகிற வலது கை அல்ல. இடது கை, நல்ல கை. தலைக்கு மேலே நேராக நீட்டி, இறக்காமல் நிறுத்திவைத்திருந்தார்.

"ஏற மாட்டாரு சார்," என்றேன். "கை வெளங்காதவரு. டாக்டர் சொன்ன எக்ஸர்சைஸ். தினமும் பஸ் வர்றப்போ இப்படித்தான் கையைத் தூக்குவாரு."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ முறை என்னையே கேட்டிருக்கிறேன். அந்த இருபது நிமிடத்துக்காகவா? இன்ஸ்பெக்டர் முன்னால் ஓர் ஆளைத் தூக்கி ஏற்றினால் நானும் இந்த நாடகத்தில் கூட்டு என்று நினைத்துவிடுவார் என்கிற பயமா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன். சொன்னதில் பொய் ஒரு வார்த்தைகூட இல்லை என்று அப்போது என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். டிரைவர் அண்ணனைக் கூப்பிட்டிருந்தால் இரண்டு நிமிட வேலை. செவ்வாய்க்கிழமை தோறும் செய்த வேலை. நான் விசிலை ஊதினேன். வேலியோர வளைவில் வீடு மறைகிறவரை அந்தக் கை இறங்கவில்லை.

நாலு மணி வண்டியில் ஊர் சனம் முழுக்கத் திரும்பியது. ஆளாளுக்குப் பொரி, பழம் என்று ஏதோ வாங்கி வைத்திருந்தார்கள். எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தார்கள். அந்த வண்டியை எண்ண இன்ஸ்பெக்டர் வரவில்லை. பத்து மணிக்கு அவர் எழுதிக்கொண்ட சைபர் போதுமானதாக இருந்தது. அடுத்த மாதத்திலிருந்து பஸ் உள்ளே போகவில்லை.

நர்சிங் படித்த பெண் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள் என்று டிரைவர் அண்ணன் சொன்னார். அவள் ஒருத்திக்காவது நல்லது நடந்தது என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு இருபது நிமிடம் கிடைத்தது. உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டேன். வயிற்றுப்புண் ஆறவில்லை.

அந்தம்மாவைக் கடைசியாகப் பார்த்தது அதற்கு மூன்று மாதம் கழித்து. ஒரு செவ்வாய்க்கிழமை, கைகாட்டியில் கைகாட்டி நிறுத்தினார்கள். கோழித் தீவனம் ஏற்றுகிற மூன்று சக்கர வண்டியில், மூட்டைகளுக்கு நடுவே அவர் வீட்டுக்காரரை உட்காரவைத்துக் கொண்டுவந்திருந்தார். உடம்பெல்லாம் தவிட்டுத் தூசி. இத்தனை நாளாக ஒரு வண்டியும் அமையவில்லையாம். பயிற்சி விட்டுப்போய்க் கை இன்னும் கெட்டியாகிவிட்டது என்றார். பழையபடி டிரைவர் அண்ணன் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்து ஏற்றினோம். அவர் என் தோளில் கையைப் போடவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

நான் மெஷினில் கைகாட்டிக்குப் பதிலாக அந்த ஊர்ப் பெயரை அழுத்தினேன். ஊர்ப் பெயர் இன்னும் மெஷினில் இருந்தது. அங்கிருந்து இரண்டு பேர் ஏறியதாக ஒரு சீட்டு டிப்போவுக்குப் போகட்டும் என்று தோன்றியது. என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். அந்தம்மா டிக்கெட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார்.

"தப்பா அடிச்சுப்போட்டீங்க. நாங்க ஏறுனது கைகாட்டியிலதானுங்க. மாத்திக் குடுங்க, செக்கிங் வந்தா உங்களுக்குத்தான் ஆவாது."

மாற்றிக் கொடுத்தேன்.

"என்ற கணக்குத்தான் தப்பிப்போச்சுங்க," என்றார் கொஞ்ச தூரம் போன பிறகு. நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். "பத்து மணி வண்டிக்கு ஒருத்தரை நிறுத்தி வெச்சிருக்கோணும். அது எப்படி எனக்குத் தோணாமப் போச்சுன்னு தெரியலீங்க. ஊரு சனம் என்னைய ஒண்ணும் சொல்றதில்லை. அதான் நெம்பச் சங்கடமா இருக்குது."

"விடுங்கம்மா. நடந்தது நடந்துபோச்சு."

"இன்னொண்ணு கேக்கோணும்னு இருந்தனுங்க." வீட்டுக்காரரின் தோளில் இருந்த தவிட்டைத் தட்டிவிட்டார். "அன்னிக்கு நான் மத்தியானம் ஊட்டுக்கு வந்து பாத்தா, இவிய சட்டை போட்டு உக்காந்திருக்கறாங்க. ஒத்தைக் கையில எப்படிப் போட்டாங்களோ, பித்தானெல்லாம் மேலயுங் கீழயுமா மாட்டியிருக்குது. மடியில ஆஸ்பத்திரிப் பை. அன்னிக்கு வெள்ளிக்கெளமைங்க, செவ்வாய்கூட இல்லை. எதுக்குன்னு கேட்டா மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்க. கஞ்சியும் குடிக்கலை. அந்தப் பத்து மணி வண்டியில நீங்கதான வந்தீங்க. ஏதாச்சும் பாத்தீங்களா?"

முன் சீட்டில் வீட்டுக்காரர் மெதுவாகத் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

"நான் கவனிக்கலைம்மா," என்றேன்.

அவர் இடது கையைத் தூக்கினார். தலைக்கு மேலே, நேராக, அன்றைக்குத் தூக்கியது போலவே. அந்தம்மா அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"பாருங்க, பஸ்ஸக் கண்டதும் பளக்கத்துல தூக்கறாங்க," என்று என்னிடம் சொல்லிவிட்டு, அவர் பக்கம் குனிந்து, விழுந்த வலது கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டார். "இதையத் தூக்குங்க சாமி. அது நல்ல கை. அது கணக்குல வராது."

அவர் இறக்கவில்லை.